73939133, கீழப்புதுத் தெரு

கீழப்புதுத் தெருவில் மொத்தம் பதினோரு வீடுகள். பத்து வீடுகளுக்கு ஒன்று முதல் பத்து வரை எண். பதினோராவது வீட்டுக்கு எண் 73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. எண் போட வந்தவர் அன்றைக்கு அதைத்தான் கொண்டுவந்திருந்தார். தபால்காரர் மட்டும் அதைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குவார். மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லை.

அந்த வீட்டின் முன்னறையில் ஆவுடையம்மாள் முப்பத்தொரு வருஷமாகத் துணி தைக்கிறாள். கல்யாணமாகி எட்டாம் மாசம் திரும்பி வந்தவள். அம்மா நாலு வருஷம் படுக்கையில் கிடந்தாள், அப்பா ஆறு வருஷம் கிடந்தார். பத்து வருஷமும் மெஷினை நிறுத்தி நிறுத்தி எழுந்து போய்ப் பார்த்தவள் இவள்தான். அண்ணன் கோமதிநாயகம் சென்னையில் இருந்தான். தம்பி சங்கரலிங்கம் தூத்துக்குடியில் இருந்தான். அப்பாவின் பதினாறாம் நாளுக்கு இரண்டு பேரும் வந்து, வடை நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

போன வாரம் பங்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பத்தாம் நம்பர் வீட்டம்மாவின் ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டுப் படித்தாள்.

'மேற்படி வீட்டைப் பிரிக்கக் கோரி மனு. வாரிசுகள்: இருவர். வீட்டில் உள்ள பொருட்கள்: பித்தளை அண்டா 2. மர பீரோ 1. தையல் மெஷின் 1. ஆவுடையம்மாள் 1. நகர்த்த முடிந்த பொருட்களை விசாரணைக்குக் கொண்டுவரவும்.'

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்க முடியவில்லை. கண்ணெல்லாம் எரிந்தது.

"செத்த மூதிகளா" என்றாள். "மெஷினுக்குக் கீழயா என் பேர எழுதுவிய?"

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். அண்டா இரண்டும் முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தன.

பங்கு அலுவலகத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்றில் 'வாரிசுகள்' என்று எழுதியிருந்தது, மற்றதில் 'பொருட்கள்' என்று. ஆவுடையம்மாள் முதல் வாசலில் நுழைந்தாள். காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"லிஸ்ட்டுல பேர் எங்க இருக்கு?"

"மெஷினுக்கு அடுத்தாப்ல."

"அப்ப அந்தப் பக்கம் போங்க. மேல தூசி தட்டிட்டுப் போங்க."

பொருட்கள் வாசலுக்குள் ஒரு நடைவழி இருந்தது. நடக்க நடக்க நீண்டது. கோபமாக நடந்தால் இன்னும் நீண்டது. மெதுவாக நட, குறையும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் அவளுக்குக் கோபம் கூடிற்று. போய்ச்சேர நாற்பது நிமிஷம் ஆனது. அண்டாக்கள் இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டனவாம். ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. அவளுக்கு நாற்காலி இல்லை.

மேஜைக்குப் பின்னால் வகுத்தல் அலுவலர் எஸ்தாக்கி இருந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். அவருக்குப் பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆவுடையம்மாளின் வீடு நின்றது. பஸ்ஸில் முக்கால் மணி நேர தூரத்தில் இருக்கிற வீடு, கிணறும் தென்னைகளுமாக அங்கேதான் நின்றது. முன்னறையில் மெஷின் தெரிந்தது. பாதி தைத்த ரவிக்கை அதில் தொங்கிற்று.

அண்ணனும் தம்பியும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் நீள பெஞ்சில் முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவுக யாரு?" என்றாள் ஆவுடையம்மாள்.

"இருப்பு வாரிசுகள்" என்றார் எஸ்தாக்கி. "விதி ரொம்ப சுலபம்மா. வீட்டு நம்பர் எந்த எண்ணால வகுபடுதோ அத்தன பங்கா வீடு பிரியும். அஞ்சால வகுபட்டா அஞ்சு பங்கு. இங்க வாரிசு ரெண்டு பேருதான். மிச்ச மூணு பேர பெஞ்சுலேருந்து குடுப்போம்."

"யாரு எவருன்னு தெரியாதவனுக்குப் பங்கு குடுப்பிய?"

"நல்ல ஆள்களாத்தான் வச்சிருக்கோம்" என்றார். பெஞ்சில் ஒருவர் கை தூக்கி வணக்கம் சொன்னார்.

கோமதிநாயகம் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "ஏட்டி, பொருளுங்க பேசக் கூடாது. அந்த அண்டாவப் பாரு, எவ்வளவு மருவாதியா இருக்கு."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அந்த அண்டா இரண்டும் அவளுக்குச் சீராகக் கொடுத்தவை. அவளோடு போய், எட்டாம் மாசம் அவளோடு திரும்பி வந்தவை.

எஸ்தாக்கி ஒரு நீளக் காகிதத்தில் வீட்டு எண்ணைப் பெரிதாக எழுதினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். இரண்டால் வகுத்தார், மூன்றால் வகுத்தார், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால். வகுத்துக்கொண்டே போனார். சுவரில் இருந்த காலண்டர் மூன்று தாள்களைத் தானே கிழித்துக்கொண்டது. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"எதாலயும் வகுபடல. சுத்தமான பகா எண்."

"அப்ப வீடு பிரியாதா?" என்றான் சங்கரலிங்கம்.

"பிரியாது. ஆனா வழி இருக்கு. கடைசி இலக்கத்த வெட்டிட்டு மிச்சத்த வகுத்துப் பாக்கலாம். வெட்டுன இலக்கத்துக்கு உண்டான எடம் போயிரும். ஒவ்வொரு வெட்டுக்கும் வாரிசு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்." கொஞ்சம் தயங்கினார். "இல்லன்னா இன்னொரு வழியும் இருக்கு. இந்த நம்பருக்கு ஒரு குணம் உண்டு. இதுக்குப் பின்னால எந்த இலக்கத்த ஒட்டுனாலும் வகுபட்டுரும். ஆனா ஒட்டணும்னா வாரிசுக் கணக்குல வராத, அந்த வீட்டுல பொறந்த ஆள் ஒண்ணு வேணும்."

ஆவுடையம்மாள் மேஜையருகே வந்தாள். "ஒண்ணுன்னா?"

"ஒரு ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணாம் நம்பர ஒட்டுவோம்."

"லிஸ்ட்டப் பாருங்க. ஆவுடையம்மாள், ஒண்ணு. அந்த வீட்டு உள்ளறை அரங்குலதான் பொறந்தேன். ஒட்டிப் பாருங்க."

எஸ்தாக்கி எண்ணின் வாலில் ஒரு 1 எழுதினார். 739391331. வகுக்கத் தொடங்கினார். இந்தத் தடவை அதிக நேரம் ஆகவில்லை.

"மூணால போகுது. மீதியே இல்ல. பங்குக்கு இருபத்து நாலு கோடியே அறுபத்து நாலு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து எழுநூத்து எழுவத்தேழு. ரெண்டால போகாது. மூணு பேருக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

மூன்று பேர். அந்த வீட்டில் பிறந்தவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். அண்ணன், தம்பி, அவள். இதைவிடத் தெளிவாக ஒரு எண் எப்படிப் பேசும்? முன்னறை போதும் அவளுக்கு. மெஷின் கிடக்கிற இடம், தெருவைப் பார்த்த ஒரு கதவு, அவ்வளவுதான்.

"அவளுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்றான் கோமதிநாயகம்.

"என்னத்தச் செஞ்சிய? ரெண்டு அண்டா! அதயும் இப்ப வீட்டுக் கணக்குல எழுதி, நாற்காலி போட்டு ஒக்கார வச்சிருக்கிய!"

"பொம்பளப் பிள்ளைக்குப் பங்கு குடுத்தா ஊரு சிரிக்கும்" என்றான் சங்கரலிங்கம். "யக்கா, தப்பா நெனைக்காத. ஒன்மேல எனக்குப் பாசம் உண்டு."

"பெஞ்சுல இருக்கவனுக்குக் குடுத்தா ஊரு சிரிக்காதால?"

"அவங்க ஆம்பளைங்க" என்றான் சங்கரலிங்கம்.

எஸ்தாக்கி அந்த ஒன்றை ரப்பரால் அழித்தார். அழிக்கும்போது ஆவுடையம்மாளின் இடது தோள் கொஞ்சம் வலித்தது.

"வெட்டுங்க" என்றான் கோமதிநாயகம்.

"வெட்டுறதுக்குக் கத்தரி மனுதாரர்தான் கொண்டாரணும்."

கோமதிநாயகம் பைக்குள் கைவிட்டான். எடுத்ததை ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள். அது அவளுடைய கத்தரி. பத்து அங்குல இரும்புக் கத்தரி. அவளுடைய மெஷின் டிராயரிலிருந்து கேட்காமல் எடுத்துவந்திருக்கிறான். துணி வெட்டுகிற கத்தரியால் காகிதத்தை வெட்டினால் வாய் மழுங்கிவிடும், பிறகு பட்டு நூல் நூலாகப் பிரியும். ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரி ஒரு தடவை இந்தக் கத்தரியால் காலண்டர் தாளை வெட்டினாள். இரண்டு வருஷம் அவளோடு ஆவுடையம்மாள் பேசவில்லை.

"அதத் தொடாத! காயிதத்துல வைக்காத அத!"

"பொருளுக்குச் சொந்தமா பொருள் கிடையாது" என்றார் எஸ்தாக்கி வருத்தமாக. "விதிம்மா."

அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள். கத்தரி காகிதத்தைக் கடித்தது. கடைசி 3 குப்பைக் கூடையில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே மூன்று தென்னைகளும் இல்லை. விழவில்லை, சாயவில்லை. இல்லை, அவ்வளவுதான்.

மிச்சம் 7393913. எஸ்தாக்கி வகுத்தார். எதாலும் போகவில்லை.

"இதுவும் பகா எண்" என்றார், அந்த எண்ணின் கீழே கோடு போட்டபடி.

"ஒண்ண ஒட்டிப் பாருங்க" என்றாள் ஆவுடையம்மாள்.

"இப்பவும் மூணால போகுது."

"அண்ணே, கேக்குதா? இப்பவும் போகுதாம். தென்னையோட நிறுத்திக்கிடுவோம்."

அண்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது வெட்டு. மாடியறை, மொட்டைமாடி, அதன் மேலிருந்த தண்ணீர்த் தொட்டி, மூன்றும் போயின. மிச்சம் 739391. அதுவும் வகுபடவில்லை. ஒன்றை ஒட்டினால் அப்போதும் மூன்றால் போனது.

"ஏல சங்கரா" என்று அவள் தம்பியின் தோளைப் பிடித்தாள். "ஒன்னய இந்த இடுப்புலதான தூக்கிட்டுத் திரிஞ்சேன். ஒத்த எழுத்துல. ஒத்தக் கோடு. அத எழுத விடமாட்டியளா?"

"அண்ணன் சொன்னாச் சரி" என்றான் சங்கரலிங்கம்.

"நான் என்ன சொல்லுதது? தம்பிக்கு மனசில்ல" என்றான் கோமதிநாயகம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது வெட்டில் 1 விழுந்தது. கிணறு போயிற்று. அவள் அப்பாவுக்குத் தினமும் பன்னிரண்டு வாளி இறைத்த கிணறு. அது இருந்த இடத்தில் குழிகூட இல்லை.

மிச்சம் 73939.

"ஒட்டிப் பாருங்க" என்றாள்.

எஸ்தாக்கி பென்சிலை உருட்டினார். "இனிமே முடியாதும்மா. இப்ப ஒண்ண ஒட்டுனா கிணறு இருந்த பழைய நம்பரே வந்துரும். அது பகா எண். திரும்ப வெட்டணும். இந்தத் தடவ வெட்டுப்படுறது நீங்களா இருப்பீங்க."

ஆவுடையம்மாள் அங்கேயே நின்றாள். அழுகை வரவில்லை. அழுதால் தேவலை. நாலு வார்த்தை கேட்டாள், கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படியான வார்த்தைகள். பெஞ்சிலிருந்தவர்கள் டீயைக் கீழே வைத்தார்கள். அண்டா இரண்டும் ணங் என்று அதிர்ந்தன. அண்ணனும் தம்பியும் மட்டும் அடுத்த படிவத்தில் எங்கே கையெழுத்து என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது வெட்டில் ஒன்பது ஜன்னல்களும் போயின. 7393, வகுபடவில்லை. ஐந்தாவதில் அடுக்களை, குளியலறை, அவர்கள் மூன்று பேரும் பிறந்த அரங்கு. 739, வகுபடவில்லை. கத்தரி இப்போது காகிதத்தை வெட்டவில்லை, மென்றது. ஆறாவதில் கூரையைத் தாங்கிய ஒன்பது உத்தரங்களும் கூரையோடு போயின. 73. கோமதிநாயகம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம கொறஞ்சாலும் பரவால்ல, நம்மள ஏமாத்த முடியாது" என்றான். யார் ஏமாற்றினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏழாவது வெட்டில் மூன்று சுவர்கள் போயின. நாலாவது சுவர் பத்தாம் நம்பர் வீட்டுக்காரருடையது, அது நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தரையில் ஏழு தளக்கற்கள். அவற்றின் மேல் தையல் மெஷின். ரவிக்கை காற்றில் ஆடிற்று.

மிச்சம் 7.

எஸ்தாக்கி எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டிற்று. "எட்டு இலக்கம். எந்த எடத்துல வெட்டுனாலும் பகா எண். இந்தக் குணம் உள்ளதுல இதுதான் கடைசி நம்பர். இதவிடப் பெருசு ஒலகத்துலயே கிடையாது. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கேன்."

"முழுசா இருக்கும்போது பாத்திருக்கலாமே, கூறுகெட்ட மனுசா" என்றாள் ஆவுடையம்மாள்.

"அந்த ஏழு கல்லு முன்னறைக் கல்லு" என்றான் சங்கரலிங்கம் கொஞ்சம் யோசனையாக. "அக்கா தைக்க எடம்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பேனாவைப் பார்த்தான்.

"ஏழையும் வெட்டுனா என்ன ஆகும்?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"ஒண்ணுமிருக்காது. பூஜ்யம்."

"பூஜ்யம் வகுபடுமா?"

"தாராளமா. ரெண்டால போகும், மூணால போகும், எதாலயும் போகும்."

"ரெண்டால வகுத்தா?"

"ஆளுக்கொரு பூஜ்யம். சமபங்கு."

அண்ணன் தம்பி இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அவசரத்தில் சங்கரலிங்கம் அண்ணன் போடவேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். கத்தரி ஒரு தடவை கூடைக்கு மேலே வாயைப் பிளந்து மூடிற்று. ஏழு கற்களும் போயின. மெஷின் வெறும் மண்ணில் நின்றது.

எஸ்தாக்கி இரண்டு சான்றிதழ்களை எழுதி முத்திரை குத்தினார். ஒவ்வொன்றிலும் ஒரு பூஜ்யம், நல்ல வட்டமாக. கோமதிநாயகமும் சங்கரலிங்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து ஆவுடையம்மாள் பார்த்ததில்லை.

அவள் மேஜைக்குப் போனாள். கத்தரியை எடுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் காலைத் தூக்கிப் போட்டு வெளியே இறங்கினாள். இறங்கிய இடம் கீழப்புதுத் தெரு.

வெயில் சுள்ளென்று அடித்தது. பத்தாம் நம்பர் வீட்டுச் சுவருக்கு முன்னால் மெஷின் நின்றது. டிராயரைத் திறந்தாள். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்தாள். சுவரில், மெஷினுக்கு நேர் மேலே, ஒரு கோடு கிழித்தாள். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. 1.

கத்தரியால் ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தாள். துணி மடங்கிற்று. வெட்டுப்படவில்லை. கத்தரியை மண்ணில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ரவிக்கையின் கையைச் சரிசெய்து மெஷினை மிதித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எஸ்தாக்கி பங்கை நேரில் ஒப்படைக்க வந்திருந்தார். அண்டாக்களும் வந்தன. அண்ணனும் தம்பியும் காலி இடத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்று சான்றிதழை விரித்து, தங்கள் தங்கள் பூஜ்யம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தார்கள்.

எஸ்தாக்கி சுவரைப் பார்த்தார். பைக்குள்ளிருந்த படிவங்களை எல்லாம் புரட்டினார்.

"ஒண்ணு போட்டிருக்கு" என்றார்.

"நான்தான் போட்டேன்" என்றாள் ஆவுடையம்மாள்.

"ஒண்ணு பகா எண்ணும் இல்ல, பகு எண்ணும் இல்ல. இத வெட்டவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. இதுக்குப் படிவமே கிடையாதேம்மா."

"எட போங்க வேய். ஊசியில நூல் கோக்கணும், வெளிச்சத்த மறைக்காதிய."

அவர் விலகி நின்றார். பிறகு படிவங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வெயில் ஏறிற்று. நிழலுக்குத் தென்னை இல்லை, ஒதுங்கக் கூரை இல்லை. அண்ணனும் தம்பியும் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். சூடு தாங்காமல் எழுந்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் நாலைந்து தடவை எச்சில் விழுங்கினான். பிறகு எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, தலையைத் திருப்பாமலே கூப்பிட்டான்.

"ஏட்டி ஆவுட, நாக்கு வறளுது. ஒரு செம்பு தண்ணி கொண்டா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கெணறு மூணாவது வெட்டுல போச்சு. ரெண்டு பேரும்தான கையெழுத்துப் போட்டிய."

மெஷின் பக்கம் திரும்பி, ரவிக்கையின் அடுத்த கையை எடுத்து வைத்தாள்.